ரெட்டைப்பொட்டு

 

நீண்ட பதிவு. பதுளையில் மழை விட்டுவிட்டுப் பெய்யும் இந்த நாட்களில் ஒரு கோப்பை பிளேன் டீயோடு உட்கார்ந்து வாசிக்கலாம். நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 8 பிள்ளை ஒருவன் ஹோர்லிக்ஸ் போத்தலில் தண்ணீரும் மூன்று மீனும் கொண்டுவந்தான். லயத்துக்குக் கீழே தேயிலை மலையிலிருந்து இறங்கி வரும் கானில் பிடித்தது. விரல் நீளம்கூட இல்லை. உடம்பு பொன்னும் வெள்ளியும் கலந்த நிறம். பக்கவாட்டில் மெல்லிய சிவப்புக் கோடு. முதுகுச் செட்டையின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி, வாலின் அடியில் இன்னொன்று.

"சேர், இதுக்குப் பேரு என்னா?"

நான் யோசிக்காமல் "கெண்டைக் குஞ்சு" என்றேன்.

"அது எல்லாத்துக்கும் சொல்ற பேரு சேர். நாங்க இத ரெட்டப்பொட்டுன்னு சொல்லுவோம். சரியான பேரு என்னா?"

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, மீனின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் நித்திரையிலும் பதில் சொல்லக்கூடியவன். அந்தப் பிள்ளை கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த நாளை வருவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் எடுத்தது. தேடிப் போன இடத்தில் மீனின் பெயர் மட்டுமில்லை, ஒரு முழு வரலாறே கிடந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கெண்டை என்றால் என்ன என்று பார்ப்போம். தமிழில் கயல், கெண்டை இரண்டும் பழைய சொற்கள். பாண்டியர் கொடியில் மீன். பெண்களின் கண்ணுக்கு உவமை சொல்லப்போன புலவர்கள் எல்லோரும் இந்த இரண்டு மீனையும் விட்டுவைக்கவில்லை. கவிதைக்கு இது போதும். விஞ்ஞானத்துக்குப் போதாது. கெண்டைக் குடும்பம் என்று மீனியலார் சொல்வது உலகிலேயே மிகப் பெரிய மீன் குடும்பங்களில் ஒன்று. ஐரோப்பாவின் கார்ப், இந்தியாவின் ரோகு, கட்லா, மகாவலியின் லெஹெல்லா, நமது கானில் ஓடும் பொடிமீன் எல்லாம் ஒரே கூட்டத்துச் சொந்தங்கள்.

எதை வைத்துச் சொந்தம் என்கிறார்கள்? உடம்பைத் திறந்து பார்த்தால் தெரியும். இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், குசினி போதும். சந்தையில் ரோகு வாங்குகிறவர்கள் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். தாடையில் ஒரு பல்லும் இருக்காது. பல்லில்லாத கிழவன் மாதிரி. ஆனால் தலையைக் கறிக்கு வெட்டும்போது, செவுளுக்குப் பின்னால், தொண்டையில், வளைந்த இரண்டு எலும்புகள் அகப்படும். அதில்தான் பற்கள் இருக்கின்றன. செவுளைத் தாங்கும் வளைவுகளில் கடைசியானது இப்படிப் பல்லெலும்பாக மாறியிருக்கிறது. இந்தப் பற்கள் மேலே மண்டையோட்டின் அடியில் இருக்கும் ஒரு கெட்டியான தட்டோடு உரசி இரையை அரைக்கும். அம்மி மேலே, குழவி கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். நமது சிறிய கெண்டைகளில் இந்தப் பற்கள் ஒவ்வொரு பக்கமும் மூன்று வரிசையில் ஐந்து, மூன்று, இரண்டு என்று நிற்கும். இந்தக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பையும் கிடையாது. தொண்டையில் அரைத்தது நேரே குடலுக்குப் போகும்.

அடுத்தது காது. 1820இல் ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் என்ற ஜேர்மன் உடற்கூற்றியலாளர், கெண்டை மீனின் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் இடையே ஒரு சங்கிலி மாதிரிச் சின்னஞ்சிறு எலும்புகள் இருப்பதை விவரித்தார். தண்ணீரில் சத்தம் எழும்பினால் காற்றுப்பை அதிரும், அந்த அதிர்வை இந்த எலும்புகள் காதுக்குக் கடத்தும். நமது காதில் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்று மூன்று எலும்பு இருக்கிறதே, மீனில் இருப்பதும் அதுதான் என்று வெபர் நினைத்து அதே பெயர்களையே வைத்தார். அது பிழை. மீனில் அவை முள்ளந்தண்டின் முன்பக்க எலும்புகளிலிருந்து உருவானவை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் இன்றுவரை அவற்றுக்கு வெபரின் எலும்புகள் என்றுதான் பெயர். பிழையாக விளங்கிக்கொண்டவரின் பெயரும் நிலைக்கும், அவர் உண்மையாகப் பார்த்திருந்தால்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது புத்தகமில்லாமலே தெரியும். கானின் கரையில் காலடி பலமாக விழுந்தால் மீன் கல்லுக்கடியில் போய்விடும். அதேபோல ஒரு மீனுக்குக் காயம் பட்டுவிட்டால் அந்தக் குழியில் மற்றதெல்லாம் மறைந்துவிடும். 1938இல் கார்ல் வொன் ஃபிரிஷ் இதை எழுதினார். கெண்டை இனத்து மீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலக்கும், மற்ற மீன்கள் அதை உணர்ந்து ஓடும். தேனீயின் நடனத்தைக் கண்டுபிடித்து 1973இல் நோபல் பரிசு வாங்கியவரும் இவர்தான்.

இனி மீசை. இதுதான் இந்தக் கதையில் பெரிய குழப்பக்காரன். கெண்டைகள் பலவற்றுக்கு வாயோரத்தில் மீசை உண்டு. சிலதுக்கு மேலே ஒரு சோடி, ஓரத்தில் ஒரு சோடி, ஆக நான்கு. சிலதுக்கு ஓரத்தில் மட்டும் இரண்டு. சிலதுக்கு ஒன்றுமே இல்லை. லத்தீன் மொழியில் தாடிக்கு பார்பா என்று பெயர். அதிலிருந்து வந்தது பார்பஸ் என்ற சாதிப் பெயர்.

இங்கே ஒரு இடைச்செருகல். நமது தமிழ்மொழிப் பாடநூல்களில் உயிர்களைப் பகுக்கும் படிகளுக்கு கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று பெயர். வருணம், சாதி என்று கரும்பலகையில் எழுதும்போது தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிலர் சிரிக்கவும் மாட்டார்கள். கலைச்சொல் ஆக்கியவர்கள் எந்த எண்ணத்தில் ஆக்கினார்களோ, அந்த வகுப்பறையில் நின்று அதை உச்சரிக்க வேண்டியவன் நான். ஆனபடியால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மீனின் சாதி பிறப்பால் உறுதியானதில்லை. எலும்பைப் பார்த்து மனிதன் எழுதியது. பிழை கண்டால் மாற்றுவான். கீழே எத்தனை தரம் மாற்றினார்கள் என்று பாருங்கள்.

கதை வங்காளத்தில் தொடங்குகிறது. ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் கிழக்கிந்தியக் கம்பனியில் வேலை பார்த்தார். பிற்காலத்தில் ஹமில்டன் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். 1790களின் கடைசியில் இன்றைய பங்களாதேசத்தின் லக்ஷ்மிபூரில் இருந்தபோது கங்கையின் மீன்களை ஆராயத் தொடங்கினார். 1822இல் எடின்பரோவில் அவருடைய நூல் வெளிவந்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட மீன்களின் விவரம், 39 படத்தகடுகள்.

அவர் பெயர் வைத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. கிரேக்கம், லத்தீன் என்று மட்டும் நிற்காமல் உள்ளூர் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு அதையே எழுதினார். பொடிக் கெண்டையை வங்காளிகள் புட்டி என்பார்கள், மூக்கால் சொல்ல வேண்டும். அது பன்டியஸ் ஆனது. வங்காளச் சந்தையில் மீன்காரி கூவிய சொல், வால் ஒன்று ஒட்டிக்கொண்டு உலகத்து நூலகங்களுக்கெல்லாம் போனது. ரோகு என்ற பேச்சுச் சொல் ரோஹிட்டா என்று ஏறியது. கட்லா, டேனியோ, ரஸ்போரா எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

படத்தை வரைந்தது யார்? ஹலுதார் என்ற இளம் வங்காளி. புக்கானனுக்காக மீன்களை வரைந்த ஓவியர். நூலின் முகப்பில் ஹமில்டனின் பெயர்தான். ஹமில்டனுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. 1815இல் அவர் இந்தியாவை விட்டுப் போகும்போது சேகரித்த ஓவியங்களைக் கொண்டுபோக ஆளுநர் நாயகம் விடவில்லை. கல்கத்தாவில் வைத்துக்கொண்டார்கள். அவருடைய மனக்குறை வரலாற்றில் எழுதப்பட்டது. ஹலுதாரின் மனக்குறை என்னவோ, கேட்டு எழுத ஆளில்லை. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்பி வரும்.

இனி இலங்கைக்கு வருவோம். பீட்டர் பிளீக்கர் ஒல்லாந்து இராணுவ வைத்தியர். இன்றைய இந்தோனேசியாவில், பட்டேவியாவில் 1842 முதல் 1860 வரை இருந்து ஆயிரக்கணக்கில் மீன்களை எழுதியவர். நாடு திரும்பிய பிறகு இலங்கையிலிருந்து கிடைத்த கெண்டைகளை ஆராய்ந்தார். கல்லில் ஒட்டிக்கொள்ளும் கல்மீனுக்கு, சிங்களத்தில் கல் பாண்டியா என்பார்கள், இலங்கையின் பெயரையே வைத்தார்: சிலோனென்சிஸ். வேகமான ஓடையில் கல்லைப் பிடித்துக்கொண்டு பாசி சுரண்டும், கீழுதட்டின் பின்னால் தட்டையான ஒட்டுத்தகடு இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் இதைக் கையால் பிடித்திருப்பீர்கள்.

அதே காலத்தில், 1863இல், இன்னொரு சிறிய கெண்டைக்கு அவர் வைத்த பெயர் பைமகுலேட்டஸ்.

அந்த இரவு இந்த இடத்தில் வந்து நான் நின்றுவிட்டேன். பை என்றால் லத்தீனில் இரண்டு. மகுலா என்றால் புள்ளி. முதுகுச் செட்டையின் அடியில் ஒன்று, வாலின் அடியில் ஒன்று. ஒல்லாந்து வைத்தியர் சாராயத்தில் ஊறிய மீனை மேசையில் வைத்துப் பார்த்து எழுதிய பெயரும், லயத்துப் பிள்ளைகள் கானில் உயிரோடு பார்த்துக் கூப்பிட்ட பெயரும் ஒன்றே. ரெட்டைப்பொட்டு. அவன் என்னிடம் சரியான பெயர் கேட்கவே தேவையிருக்கவில்லை. அவன் அதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டான்.

சரி, மேலே போவோம். 1868இல் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் அல்பேர்ட் குந்தர் தனது மீன் பட்டியலில் இலங்கைக் கெண்டைகள் சிலவற்றைச் சேர்த்தார். ஒன்று நைக்ரோஃபேசியேட்டஸ், கறுப்புப் பட்டி போட்டது. சிங்களத்தில் இதற்கு புலத் ஹபயா, வெற்றிலை சப்புகிறவன். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் முகம் வெற்றிலை போட்ட கிழவரின் வாய் மாதிரிச் சிவந்திருக்கும். இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது மீனை நேரில் பார்த்தவனுடைய பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. செத்த மீனில் சிவப்பு நிற்காது, கறுப்பு நிற்கும். குந்தர் கண்டது கறுப்பைத்தான். இன்னொன்று கமிங்கி, சிப்பி சேகரித்த ஹியூ கமிங்கின் பெயரால். பெயரில் ஆள் இருக்கிறார், மீன் இல்லை.

பிறகு மதராஸ் இராணுவ வைத்தியர் ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவரும் மற்றவர்களும் பொடிக் கெண்டைகளைப் பெரும்பாலும் பார்பஸ் என்ற ஒரே பெட்டியில் போட்டார்கள். பிறகு பெட்டியின் பெயரை பன்டியஸ் என்று மாற்றினார்கள். பெட்டி மாறவில்லை. நான்கு மீசைக்காரன், இரண்டு மீசைக்காரன், மீசையே இல்லாதவன் எல்லாம் ஒரே அறையில். நூறு வருடத்துக்கு மேலாக இப்படித்தான். தோட்டத்து லயம் மாதிரி என்று ஒரு பிள்ளை சொன்னான். சிரித்தேன். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டேன்.

இடையில் வெள்ளைக்காரத் துரைமாருக்கு நமது மீன்கள் போதவில்லை. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் குளிர் ஓடைகளில் தூண்டில் போட்டு விளையாட 1880களில் ட்ரௌட் மீன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அது வேறு கதை, இன்னொரு நாளைக்கு.

இலங்கையர் ஒருவர் வரும் கட்டம் இது. பீ. ஈ. பீ. தெரணியகல, 1900இல் பிறந்தவர், பின்னாளில் கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளர். யானை, பாம்பு, ஆமை, மீன் என்று எதையும் விடாதவர். 1929இல் ஒரு சிவந்த சிறு கெண்டைக்குப் பெயர் வைக்கும்போது லத்தீனைத் தேடவில்லை. மக்கள் லே தித்தயா என்று சொல்வதை எடுத்து தித்தெயா என்றே எழுதினார். லே என்றால் இரத்தம். தித்த என்றால் சிங்களத்தில் கசப்பு. நமக்குத் தித்திப்பு என்றால் இனிப்பு! பக்கத்து வீட்டு மொழியில் நாக்கு இப்படித் தலைகீழாகும். இன்று உலகம் முழுவதும் கண்ணாடித் தொட்டிகளில் செர்ரி பார்ப் என்று விற்கப்படுவது இந்தக் கசப்பன்தான். அடுத்த வருடம் இன்னொரு மீனுக்கு ஹல் மரத்தின் பூவை வைத்துப் பெயர் சூட்டினார், வட்டெரிஃப்ளோரிஸ். 1943இல் ஒரு சாதிக்கே ஹொரதண்டியா என்று சிங்களப் பெயரை வைத்தார். ஹொர என்றால் கள்ளன். சுதந்திரத்துக்கு முன்பே, ஒரு சத்தமும் இல்லாமல், மீனுக்கு ஊர்ப் பெயரைத் திருப்பிக் கொடுத்த மனிதர்.

அந்த ஒரே பெட்டியை உடைத்தது 2012இல். றொஹான் பெத்தியாகொட, மாதவ மீகஸ்கும்புர, கலன மதுவகே என்ற மூன்று இலங்கையர். பெத்தியாகொட அடிப்படையில் பொறியியலாளர். 1991இல் இலங்கை நன்னீர் மீன்கள் பற்றி நூல் எழுதியவர், 2022இல் இலண்டன் லின்னியன் சங்கத்தின் பதக்கம் பெற்றவர். இவர்கள் தெற்காசியாவின் பன்டியஸ் என்று சொல்லப்பட்டவற்றை எல்லாம் எடுத்து, மீசையை எண்ணினார்கள், முதுகுச் செட்டையின் முன்முள்ளைத் தடவிப் பார்த்தார்கள், எலும்புகளைப் பார்த்தார்கள், மரபணுவையும் ஒப்பிட்டார்கள்.

அந்த முன்முள் முக்கியம். ஊசி மாதிரி நேராக இருக்கிறதா, அரிவாளின் பற்கள் மாதிரிப் பின்பக்கம் வெட்டு வெட்டாக இருக்கிறதா என்று விரலால் தடவினாலே தெரியும். மீசை நான்கு, முள் பற்களோடு என்றால் சிஸ்டோமஸ். நமது குளங்களின் மஸ் பெத்தியா அந்த வகை. மேல்மீசை இல்லை, முள் வழுவழுப்பு என்றால் பன்டியஸ். மீசை இல்லை அல்லது இருந்தும் இல்லாத மாதிரி, முள்ளில் பற்கள், பக்கக்கோடு பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும் என்றால் அது புதிய சாதி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பெத்தியா. சிங்களக் கிராமங்களில் பொடிக் கெண்டை எதையும் குறிக்கும் சொல். வெற்றிலைக்காரன் இப்போது பெத்தியா நைக்ரோஃபேசியேட்டா.

குஞ்சுப் பருவத்தில் கறுப்புப் பட்டிகளும், வளர்ந்த ஆணில் முதுகுச் செட்டைக் கதிர்கள் நூல் மாதிரி நீண்டும் இருக்கும் இன்னொரு கூட்டத்துக்கு டோக்கின்சியா என்று பெயர், ரிச்சர்ட் டோக்கின்ஸ் என்ற உயிரியல் எழுத்தாளரின் நினைவாக. கடவுள் இல்லை என்று புத்தகம் எழுதியவர். அவரோடு எனக்கு உடன்பாடில்லை, மீனோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. தாமிரபரணி ஆற்றின் பெயரைச் சுமக்கும் திருநெல்வேலிப் பக்கத்து மீன் ஒன்றும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. நமக்கென்று ஒரு சிறு ஆறுதல்.

ஐந்தாவது கூட்டம் தென்னிந்திய மலையோரத்து மீன்கள். அதற்கு வைத்த பெயர்: டிராவிடியா. ஆம், திராவிடம். வாசித்தபோது நான் எழும்பியே விட்டேன். சந்தோசம் நீடிக்கவில்லை. விலங்குப் பெயர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு சாதிப் பெயரை உலகில் ஒரு விலங்குக்கு மட்டுமே வைக்கலாம், முந்தியவருக்கே உரிமை. 2010இலேயே ஒரு ஈக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஆனபடியால் டிராவிடியா என்ற பெயர் ஈயிடமே இருக்கிறது. மீனுக்கு வேறு பெயர் தேட வேண்டி வந்தது.

2013இல் பெத்தியாகொட அந்தப் புதிய பெயரை வெளியிட்டார். ஹலுதாரியா.

வங்காளத்தில் மீன்களை வரைந்த அந்த இளைஞன். இரண்டு நூற்றாண்டு கழித்து ஒரு இலங்கையர் அவனைத் தேடி எடுத்து ஒரு சாதிக்கே பெயராக்கினார். திராவிடம் போனதில் எனக்கிருந்த வருத்தம் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது.

இதோடு முடிந்ததா? இல்லை. 2018இல் கெண்டைக் குடும்பத்தையே பிரித்தார்கள். தண்டியா, ரஸ்போரா கூட்டம் வேறு குடும்பம் என்று தனிக்குடித்தனம் போனது. 2023இல் ஹிரண்ய சுதசிங்கவும் கூட்டாளிகளும் மரபணுவை இன்னும் ஆழமாகப் பார்த்து, தித்தெயாவும் ரெட்டைப்பொட்டும் உண்மையான பன்டியஸ் அல்ல என்று கண்டார்கள். தித்தெயாவுக்குப் புதிய சாதி றொஹனெல்லா, பெத்தியாகொடவின் முதற்பெயரால். நமது ரெட்டைப்பொட்டுக்கு பிளீசியோபன்டியஸ், பன்டியஸுக்குப் பக்கத்தவன் என்ற கருத்தில். சாதிப் பெயர் மாறலாம். இரண்டாவது பெயரை மாற்ற முடியாது. தித்தெயா தித்தெயாவாகவே இருக்கும், பைமகுலேட்டஸ் பொருளில் ரெட்டைப்பொட்டாகவே இருக்கும். மாற்றம் நடந்ததற்கு அடையாளமாக, முதலில் பெயர் வைத்தவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அவ்வளவுதான்.

இதெல்லாம் பெரிய மனிதர்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமட பக்கம் ஒரு சிற்றோடை. வயலுக்கும் இறப்பருக்கும் நடுவில் ஓடுகிறது. அதில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்தில் மட்டும் வாழ்ந்த ஒரு மீனுக்கு 1991இல் பெயர் வைத்தார்கள், இன்று பெத்தியா பந்துலா. பெயர் வந்த பிறகுதான் அது அழிவின் விளிம்பில் நிற்பது பதிவானது, பாதுகாக்க ஆட்கள் வந்தார்கள். பெயர் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஓடையில் என்ன இருந்தது, என்ன போனது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பட்டியலில் இல்லாததைக் காணவில்லை என்று யார் முறைப்பாடு கொடுப்பது? மலையகத்து ஆட்கள் நாங்கள். பட்டியலில் பெயரில்லாமல் இருப்பது என்றால் என்ன என்று 1948க்குப் பிறகு பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஊவாவில் இது இன்னும் கூர்மையான விசயம். நமது மலைகள் தண்ணீரைப் பல திசைக்கும் பிரித்து அனுப்புகின்றன. பதுளு ஓயா துன்ஹிந்தையில் 64 மீற்றர் விழுந்து மகாவலிக்குப் போகிறது. உமா ஓயாவும் லொக்கல் ஓயாவும் மகாவலிக்கே. மலையின் மறுபக்கம் கிரிந்தி ஓயாவும் மாணிக்க கங்கையும் தெற்குக் கடலுக்கு. மீன் நடந்து மலை ஏறாது. ஒரு ஆற்றில் அடைபட்ட கூட்டம், இலட்சக்கணக்கான வருடத்தில், பக்கத்து ஆற்றின் சொந்தத்திலிருந்து விலகும். மீனியலாளர் ஆற்றுக்கு ஆறு மீசையையும் புள்ளியையும் எண்ணுவது இதனால்தான்.

இப்போது அந்த மலைக்குள் ஒரு வழி திறந்துவிட்டது. உமா ஓயாத் திட்டம் புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணை கட்டி, தண்ணீரைச் சுரங்கத்தால் வெல்லவாய பக்கம், கிரிந்தி ஓயா வடிநிலத்துக்குக் கொண்டுபோகிறது. 120 மெகாவாட் மின்சாரம், கீழே காய்ந்த வயல்களுக்கு நீர். 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாசிக்கிறவர்களில் சிலரின் வீட்டுச் சுவரே சாட்சி. 2024 ஏப்ரலில் திறந்துவைத்தார்கள். வீடுகளைப் பற்றிப் பேசினோம், பேச வேண்டும். மகாவலித் தண்ணீரும் கிரிந்தித் தண்ணீரும் கலக்கும் இடத்தில் இதற்கு முன் எந்தக் கெண்டை இருந்தது, அதற்கு எத்தனை மீசை என்று நமது பிள்ளைகளில் ஒருவராவது எழுதி வைத்திருந்தால் நன்றாக இருக்கும். இப்போது எழுதினாலும் பிந்திவிடவில்லை.

தோட்டத்துக் கான்களும் ஆபத்தில்லாத இடமில்லை. மேலே மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து மழையோடு இறங்குகிறது. மருந்து போத்தலை ஓடையிலேயே கழுவுகிறோம். பிறகு மீன் செத்து மிதந்தால் "சும்மா பொடி மீன்தானே" என்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒன்றை அப்படிச் சொல்ல வாய் வராது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். போத்தல் மீன்களை அவன் அன்றைக்கே கானில் விட்டுவிட்டிருந்தான். கரும்பலகையில் பிளீசியோபன்டியஸ் பைமகுலேட்டஸ் என்று தமிழில் எழுதி, இரண்டாவது சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன்.

"இதுக்கு அர்த்தம் ரெட்டைப்பொட்டு. 1863இல ஒல்லாந்துக்காரர் ஒருத்தர் வச்ச பேரு."

கொஞ்ச நேரம் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு நம்ம கானுக்கு வந்தாரா சேர்?"

"இல்ல. போத்தல்ல வந்த மீனத்தான் பாத்திருப்பார்."

"அப்ப நானும்தான் போத்தல்ல கொண்டாந்தேன்" என்றான்.

இப்போது வகுப்பில் ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறோம். பக்கத்துக்கு ஒரு மீன். படம், பிடித்த இடம், மீசை எத்தனை, முள் வழுவழுப்பா பற்களா, வீட்டில் என்ன பெயர். அளந்து பார்த்ததும் மீனைத் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம். படம் வரைந்தவரின் பெயரைப் படத்துக்குக் கீழேயே எழுத வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அது ஹலுதாருக்காக நான் போட்டது.

இதுவரை பதினொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. வீட்டுப் பெயர் என்ற இடம் பல பக்கங்களில் வெறுமையாக இருக்கிறது. உங்கள் வாப்பா, அப்பா, தாத்தா, நன்னா யாராவது ஒரு ஓடை மீனுக்கு ஒரு பெயர் சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஓடை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹப்புத்தளை, அப்புத்தளைக்கு அப்பால் பூனாகலை வரை எங்கிருந்தாலும் சரி. பிழையான பெயர் என்று யோசிக்க வேண்டாம். கொப்பியில் இடம் இருக்கிறது.